பூச்சந்தையும் பொருளியற் பாடமும்

ஒரு கல்வித்துறை ஒரு மக்களுக்கு உரியதாகிவிட்டதா என்பதை அறிய, அத்துறையில் பட்டம் பெற்றோரை எண்ணிப் பார்ப்பது ஒரு வழி. அத்துறையின் நூல்கள் அம்மக்களின் மொழியில், அம்மக்களின் வாழ்வைப் பற்றி என்ன பேசுகின்றன என்று படித்துப் பார்ப்பது இன்னொரு வழி. முன்னது அரசாங்கத்தார் பணி. பின்னது திறனாய்வாளர் பணி. கதையும் கவிதையுமே திறனாய்வுக்கு உரியன என்று கருதிவிட்டதால், நம் பிள்ளைகள் மூன்றாண்டுகள் ஊன்றிப் படிக்கும் பாடநூல்களை நாம் எடுத்து ஆராய்வதில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்கக் கருதி, அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தமிழ்வழியில் பயிலப்பெறும் பொருளியலை ஈண்டு மதிப்பிட முற்படுகிறோம்.

உரைகல்லாக நாம் எடுத்துக்கொள்வது நிலக்கோட்டை. காரணம் உண்டு. அவ்வட்டாரத்தின் செல்வம் பூ. மல்லிகை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி, செவ்வந்தி என்று பலவகைப் பூக்கள் அங்கே விளைந்து அங்கேயே விலையாகின்றன. விடியுமுன் பறித்த மொட்டு பொழுது ஏறுவதற்குள் சந்தைக்கு வந்தாக வேண்டும். அன்றே விற்றாக வேண்டும். கோடையில் பூத்துக் குவியும்போது விலை சரிகிறது. எஞ்சியதை நறுமணச் சாறு எடுக்கும் ஆலைகள் வாங்குகின்றன. தைப் பனியில் செடி அடங்கி மொட்டு அருகும்போது, முகூர்த்த நாளும் சேர்ந்துவிட்டால், அதே மல்லிகை கிலோ ஆயிரங்களை எட்டுகிறது. பொருளியலின் முதற் பாடங்கள் அனைத்தும் அச்சந்தையில் ஒரு காலைப் பொழுதில் நடந்து முடிந்துவிடுகின்றன.

கல்வி வாய்ப்புக்கும் அவ்வட்டாரத்தில் குறைவில்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தோன்றி, 1978இல் காமராசரின் பெயரைத் தாங்கிற்று. சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமக் கிராமிய நிறுவனம் 1956இல் தொடங்கப்பெற்று, 1976இல் பல்கலைக்கழகத் தகுதி எய்திற்று. நிலக்கோட்டையிலேயே அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. பெண்மக்களை வெளியூர் விடுதியில் சேர்க்கத் தயங்கும் நம் குடும்பங்களுக்கு, காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் தொலைவில் குறைந்த கட்டணத்தில் உயர்கல்வி கிடைப்பது இறைவன் அருளிய வாய்ப்பேயாம். வாயிலருகே வந்துள்ள அக்கல்வி எத்தகையது என்பதே இனி நம் வினா.

சொல்லின் வெற்றியும் தோல்வியும்

தமிழில் பட்டப்படிப்பு நடத்தலாகுமா என்று ஐயுற்ற காலத்தில், 1960இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் அம்முயற்சி தொடங்கிற்று. தமிழ் வெளியீட்டுக் கழகமும், 1970இல் அமைந்த தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் வெளியிட்டன. அந்நூல்களை எழுதிய பேராசிரியர்களுக்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. முன்மாதிரி ஏதுமின்றி ஒரு துறையின் சொற்களஞ்சியத்தையே அவர்கள் சமைத்தெடுத்தனர்.

அச்சொற்களுள் சில மூலத்தினும் சிறந்தன என்று துணிந்து கூறலாம். 'பணவீக்கம்' என்னும் சொல்லைக் காண்க. வீக்கம் வளர்ச்சியன்று, நோய் என்பதைப் படியாதவரும் அறிவர். சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது. 'முற்றுரிமை', 'தேவை நெகிழ்ச்சி' என்பனவும் அத்தகையனவே. விலை சிறிது ஏறியதும் வாங்குவோர் பெரிதும் குறைவதையும், எவ்வளவு ஏறினும் குறையாதிருப்பதையும் 'நெகிழ்ச்சி' என்ற ஒரு சொல்லில் அடக்கியது அருஞ்செயல். மணப்பெண்ணின் கூந்தலுக்கு வேண்டிய மல்லிகைக்கு நெகிழ்ச்சி குறைவு. நாள்தோறும் வீட்டுக்கு வாங்கும் முழப் பூவுக்கு நெகிழ்ச்சி மிகுதி. இதனை விளக்கப் பலகையும் வேண்டா.

தோல்விகளும் உள. ரிகார்டோ வகுத்த நிலக்கோட்பாட்டிற்கு நம் பாடநூல்கள் 'வாரக் கோட்பாடு' என்று பெயரிட்டன. நிலத்தின் வளவேறுபாட்டால் எழும் உபரியையே ரிகார்டோ கருதினார். நம் ஊர்களில் 'வாரம்' என்றால் விளைச்சலில் நிலக்காரர்க்கும் உழுதவர்க்கும் உள்ள பங்கு. வாரத்துக்கு உழுத குடும்பத்திலிருந்து வரும் மாணவி அச்சொல்லைக் கண்டதும் தன் பாட்டனாரின் களத்துமேட்டை நினைப்பாள். நூலோ அவளை ஆங்கில நாட்டுக் கோதுமை வயலுக்கு இட்டுச் செல்லும். இரண்டும் ஒன்றல்ல, இரண்டுக்கும் உள்ள உறவு யாது, வேற்றுமை யாது என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் அதுவே அந்நூலின் சிறந்த பத்தியாக விளங்கியிருக்கும். சொல்லை நம் வயலிலிருந்து எடுத்தவர்கள் வயலைக் காணாமல் வந்துவிட்டனர்.

'சமநோக்கு வளைகோடு' என்பதும் அவ்வாறே. சமநோக்கு நம் இலக்கியத்தில் இறைநேசர்களின் பண்பு. இன்பதுன்பங்களை ஒப்ப நோக்கும் உள்ளத்தின் பெயர். பாடநூலிலோ அது, இரண்டு பொருட்தொகுதிகளுள் எது கிடைப்பினும் சரியென்றிருக்கும் நுகர்வோன் நிலை. இத்தகைய இடங்களில் ஆசிரியர் நின்று விளக்க வேண்டும். விளக்காதவிடத்து மாணவர் சொல்லை மனனம் செய்கிறார், பொருளைக் கைவிடுகிறார். கேள்வி பதில் கையேடுகள் கல்லூரி வாயிலில் பெருகியதற்கு மாணவரின் சோம்பல் மட்டுமே காரணமென்று நாம் கருதவில்லை. தன்னோடு பேசாத நூலை எவரும் குறுக்குவழியிலேயே கடக்க முயல்வர்.

எடுத்துக்காட்டு என்னும் அறம்

மார்ஷல் தம் பொருளியல் நூலை 1890இல் வெளியிட்டபோது, மிகக் குறுகிய காலத்தில் விலை எவ்வாறு அமைகிறது என்பதை மீன் சந்தையைக் கொண்டு விளக்கினார். அன்று பிடித்த மீன் அன்றே விற்க வேண்டும். விலை ஏறியதென்று மேலும் மீனை அந்நாளிலேயே கொணர இயலாது. தம் வாசகர் கண்ட ஒன்றைக் கொண்டு அவர் காணாத ஒன்றை விளக்கினார். அதுவே ஆசிரிய அறம். நம் நூல்கள் மார்ஷலின் முடிவை எடுத்துக்கொண்டன. அவருடைய முறையை விட்டுவிட்டன. மார்ஷலின் மீன் இருக்குமிடத்தில் நிலக்கோட்டை மல்லிகை இருந்திருந்தால், அவ்வூர் மாணவி தன் தந்தையாரை விடச் சற்றுத் தெளிவாக அன்றைய விலையைப் புரிந்துகொண்டிருப்பாள்.

இதற்கு வழிகாட்டி நம் நாட்டிலேயே இருந்தது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பேராசிரியராக வந்தார். அவர் தம் மாணவர்களை நூலகத்தோடு நிறுத்தவில்லை. விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் சென்று நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றை விசாரித்து எழுதி வருமாறு பணித்தார். அவ்வாய்வுகள் 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தன. வடமலைபுரம், கங்கைகொண்டான், இருவேல்பட்டு முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. அவ்வூர்களை மறுபடியும் ஆராய்ந்து, பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் 1940இல் மற்றொரு நூலை வெளியிட்டனர். அதன் பின்னும் ஆய்வாளர்கள் அவ்வூர்களுள் சிலவற்றை நாடிச் சென்றுள்ளனர். மாணவர் எழுதிய விடுமுறைக் கட்டுரைகள் நூறாண்டு கடந்தும் மேற்கோள் காட்டப்பெறுகின்றன. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளியல் பயில்வது எத்துணை உயரிய செயலாக அமையக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. குறையும் கூறத்தான் வேண்டும். ஸ்லேட்டரின் ஏடு ஆங்கிலத்தில் இருந்தது. ஆராயப்பட்ட ஊரார் அதனைப் படித்திருக்க இயலாது. தமிழ்வழிக் கல்வி வந்தபோது அவ்விடைவெளி அடைபட்டிருக்க வேண்டும். மொழி வந்தது, ஊருக்குச் செல்லும் பழக்கம் மறைந்தது.

சந்தையில் சுன்னத்து

நம் சமுதாயத்தார்க்குப் பொருளியல் வேற்றுக் கலை அன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் வணிகர். மதீனாவில் மஸ்ஜிதை அமைத்த கரங்களே சந்தையையும் ஒழுங்கு செய்தன. விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயித்துத் தருமாறு தோழர்கள் வேண்ட, நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை என்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அதே வேளையில், பதுக்கலைத் தடுத்தார்கள். சரக்குடன் வரும் ஒட்டகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, சந்தை விலையை அறியாத வணிகரிடம் கொள்முதல் செய்வதையும் தடுத்தார்கள். விலையைத் தம் போக்கில் விட்டு, விலை அமையும் முறையை நேர்மைப்படுத்துவது அதன் கருத்து.

இந்தத் தடையின் நுட்பத்தைப் பொருளியல் பயின்றவரே முழுதும் உணர்வர். வணிகத்தில் ஒரு தரப்பார் ஒன்றை அறிந்திருக்க, மறுதரப்பார் அறியாதிருந்தால் சந்தை பழுதுறும் என்னும் கருத்தை ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை வைத்து விளக்கினார். அத்துறைப் பணிக்காக 2001இல் வேறிருவருடன் நோபல் பரிசு பெற்றார். இதனை வைத்து "எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது" என்று மார்தட்டுவது எளிது. அதனால் பயன் யாது? பூ வணிகத்தில் கமிஷன் கடையில் முன்பணம் பெற்ற விவசாயி அக்கடைக்கே தம் பூவைப் போடக் கடமைப்படுவது பரவலான வழக்கு. அவர் வேறு கடையின் விலையை அறிந்தும் அங்கே செல்ல இயலார். பாடநூல் கூறும் 'நிறைவுப் போட்டி'க்கு வேண்டிய பல விற்பனையாளரும் ஒரேவகைப் பொருளும் அங்கே உள. விருப்பம்போல் கடை மாறும் உரிமை மட்டும் இல்லை. முன்பணம் கொடுப்பவரும் இடர் தாங்குகிறார். அவசரத்துக்கு வங்கி உதவாதபோது அவரே உதவுகிறார் என்பதையும் மறத்தலாகாது. இதில் எது உதவி, எது கட்டு என்று பிரித்தறிய ஹதீஸும் வேண்டும், பொருளியலும் வேண்டும். இரண்டையும் கற்ற பிள்ளை அச்சந்தைக்குச் சென்றால் நன்மை விளையும். ஒன்றை மட்டும் கற்றவர் உபதேசம் செய்வார், அல்லது தேர்வு எழுதுவார்.

ஜகாத்தின் கணக்கிலும் இவ்வுண்மை விளங்கும். மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று. உழைத்து நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. விளைவிக்கும் செலவை மதித்தே அவ்விகிதம் அமைந்துள்ளது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) நிலத்தில் பயிரிட்டு விளைவிப்பவற்றில் இக்கடமையை விரிவாகக் கொண்டார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) சேமித்து வைத்து உண்ணத்தகும் உணவு விளைச்சலோடு நிறுத்தினார்கள். அந்தி சாய்ந்தால் வாடிவிடும் பூவின் நிலை யாது என்பதை அவரவர் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டறிக. பொருளின் அழியுந்தன்மை சட்ட வாதத்தில் இடம்பெற்றிருப்பதே நாம் கவனிக்க வேண்டியது.

வட்டிப் பாடம் பற்றிய அச்சம்

பொருளியல் வேண்டாமென்று நம் வீடுகளில் கூறப்படும் காரணங்கள் இரண்டு. அது வட்டியைக் கற்பிக்கும் பாடம் என்பது ஒன்று. வேலை கிடையாது என்பது மற்றொன்று.

முதலாவதை ஆராய்வோம். வட்டிக் கோட்பாடுகள் பாடத்தில் உள்ளன என்பது மெய். ஆயினும் நஞ்சைப் பற்றிப் படியாத மருத்துவர் எவர்? கீன்ஸ் 1936இல் வெளியிட்ட பெருநூலில், வட்டியைத் தடுத்த பழைய கிறிஸ்தவ அறிஞர்களின் கொள்கை பிழையென்றே தாம் கற்பிக்கப்பட்டதாகவும், ஆராய்ந்து பார்த்தபோது அது நேர்மையான அறிவு முயற்சியாகத் தமக்குத் தோன்றியதாகவும் எழுதியுள்ளார். நம் பாடநூல்கள் கீன்ஸின் வட்டிக் கோட்பாட்டை விரிவாகத் தருகின்றன. இப்பகுதியைத் தருவது அரிது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. வட்டி எவ்வாறு ஏழையின் கழுத்தை நெரிக்கிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டும் ஆற்றல் இல்லாமல், ஹராம் என்ற ஒரு சொல்லை மட்டும் திரும்பக் கூறுவோர், அச்சொல்லின் பெருமையைக் காத்தவர் ஆகார்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு பிழை உண்டு. நம் இதழ்களில் வரும் இஸ்லாமியப் பொருளாதாரக் கட்டுரைகள் பெரும்பாலும் இப்னு கல்தூனின் பெயரோடு தொடங்கி அப்பெயரோடு முடிகின்றன. அப்பேரறிஞர் (1332–1406) 1377இல் எழுதிய முகத்திமாவில், அரசின் தொடக்கக் காலத்தில் குறைந்த வரி மிகுந்த வருவாயையும், இறுதிக் காலத்தில் மிகுந்த வரி குறைந்த வருவாயையும் தருவதைக் கண்டுரைத்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் 1981இல் இதனை எடுத்துக்காட்டியதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். செல்வர்க்கு வரிகுறைக்கும் கொள்கைக்கு அது துணையாக்கப்பட்டதை ஆராய்வதில்லை. இப்னு கல்தூன் உழைப்பின் மதிப்பைப் பற்றியும், அரசனே வணிகத்தில் இறங்குவதால் குடிகளுக்கு நேரும் கேட்டைப் பற்றியும் எழுதியவற்றைப் படிப்பதுமில்லை. மக்ரீஸி எகிப்தின் பஞ்சத்துக்கும் செப்புக் காசின் பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பணத்தைத் தனக்கென நிறமில்லாத கண்ணாடிக்கு ஒப்பிட்டார்கள். இவர்களைக் கல்லூரி நூல்கள் கிரேக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குத் தாவும்போது விட்டுவிடுவது குறையே. அக்குறையைச் சுட்டும் தகுதி, அவர்களை நாம் படித்த பின்னரே நமக்கு வரும்.

தோலின் கணக்கு

திறனாய்வு பிறரை மட்டும் நோக்குவதன்று. திண்டுக்கல் நகரின் பெருமைகளுள் பூட்டுக்கும் புகையிலைக்கும் இணையாகத் தோல் பதனிடும் தொழிலும் ஒன்று. அதில் முஸ்லிம் வணிகரின் பங்கு சிறப்பானது. மஸ்ஜிதுகளும் மதரஸாக்களும் பள்ளிக்கூடங்களும் தமிழகத்தில் அத்தொழிலின் ஈட்டத்தால் எழுந்துள்ளன. அத்தொழிலின் கழிவுநீர் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது என்பதும் அதே அளவு மெய். 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் தீர்ப்பளித்தபோது, திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் அதற்குள் அடங்கின. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நீதிமன்றம் நிலைநாட்டிற்று.

பிகூ என்னும் அறிஞர் 1920இல் இதனையே பொருளியற் கோட்பாடாக வகுத்தார். ஆலைக்காரரின் ஏட்டில் ஏறாத செலவு அண்டை வயலின் ஏட்டில் ஏறுகிறது. அதனைச் சேர்த்தெண்ணாத இலாபம் மெய்யான இலாபம் அன்று. தீங்கு செய்தலும் ஆகாது, தீங்குக்குத் தீங்கு செய்தலும் ஆகாது என்னும் ஃபிக்ஹு நெறியும் இதுவே. நம் குடும்பங்களிலிருந்து பொருளியல் பயின்றோர் பலர் தோன்றியிருந்தால், நீதிமன்றம் கூறுமுன் நம் ஜமாஅத்திலேயே எவரேனும் இக்கணக்கை எழுதிக் காட்டியிருப்பர் என்று எண்ணுகிறோம். தொழிலாளர் பிழைப்பும் அண்டையார் கிணறும் ஒருங்கே காக்கப்படும் வழியைத் தேடுதல் கணக்கறிந்தவர்க்கே இயலும்.

நம்மைப் பற்றிய அட்டவணை

வேலை கிடையாது என்னும் இரண்டாம் காரணத்திற்கு வருகிறோம். கலைப் பட்டம் பெற்றவர்க்கு வேலை எளிதில் வாய்ப்பதில்லை என்பதை மறுப்பாரிலர். கடன்பட்டுச் சேர்க்கும் தொழிற்கல்வியிலும் அவ்வுறுதி இல்லை என்பதை அண்மைக் காலம் காட்டிவிட்டது. ஆட்சிப் பணித் தேர்வு, வங்கி, புள்ளியியல் துறை, ஆசிரியப் பணி ஆகியவற்றுக்குப் பொருளியல் நேரிய பாதை. ஆயினும் நாம் வற்புறுத்துவது வேறொன்று.

நீதியரசர் ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006இல் இந்திய முஸ்லிம்களின் நிலை குறித்து அறிக்கை அளித்தது. அக்குழுவின் உறுப்பினர் செயலர் அபூசாலிஹ் ஷரீஃப் ஒரு பொருளியல் அறிஞர். நாட்டின் சிறந்த கல்லூரிகளில் பட்டப்படிப்பு மாணவர் இருபத்தைவருள் ஒருவரும், பட்ட மேற்படிப்பில் ஐம்பதின்மருள் ஒருவருமே முஸ்லிம்கள் என்று அவ்வறிக்கை காட்டிற்று. நம்மைப் பற்றி மேடைகளில் பேசப்பட்ட ஆயிரம் சொற்பொழிவுகள் செய்யாததை அதன் அட்டவணைகள் செய்தன. அடுத்த ஆண்டே, 2007இல், தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது.

அவ்வட்டவணைகளை வாசிக்கத் தெரிந்தோர் நம்முள் எத்தனை பேர்? 2001 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, நாட்டுச் சராசரி ஏறத்தாழ 65. தமிழ்நாட்டில் நிலைமை தலைகீழ்: முஸ்லிம்கள் 82.9, மாநிலச் சராசரி 73.5க்குச் சற்றுக் குறைவு. இதைக் கண்டு தமிழ் முஸ்லிம்கள் முன்னேறிவிட்டனர் என்று மகிழ்வோர் உண்டு. எழுத்தறிவு என்பது பெயரெழுதிப் படிக்கும் அளவு; கல்லூரி வாயிலைத் தாண்டியோர் எத்தனை பேர், அவருள் பெண்கள் எத்தனை பேர் என்பது அந்த எண்ணில் இல்லை. கடலோரச் செல்வ நகரும் உள்நாட்டுச் சிற்றூரும் ஒரே சராசரிக்குள் கலந்துள்ளன. சராசரி எதை மறைக்கிறது என்று கேட்கக் கற்பிப்பதே பொருளியலின் தலையாய பயன். அதனைக் கேட்க அறியாத சமுதாயத்தைப் பிறர் எழுதும் எண்ணே ஆளும்.

பங்களாதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த முகம்மது யூனுஸ், 1974 பஞ்சத்தின் பின், தாம் வகுப்பில் கூறும் கோட்பாடுகள் வாயிலுக்கு வெளியே உதவவில்லை என்று கண்டு அண்டையிலிருந்த ஜோப்ரா கிராமத்துக்குள் நடந்தார். 1976இல் அங்கே 42 பேருக்கு அவர் கொடுத்த சிறுதொகை பின்னாளில் பெரும் நிறுவனமாயிற்று. 2006இல் நோபல் அமைதிப் பரிசும் வந்தது. அவர் அமைத்த கடன்முறை வட்டியை நீக்கவில்லை. அம்முறையைப் பின்பற்றிய நுண்கடன் நிறுவனங்கள் பல இடங்களில் ஏழைப் பெண்களுக்கே சுமையாயின. அவர் கண்ட விடையை நாம் ஏற்கவேண்டுவதில்லை. பல்கலைக்கழக வாயிலைத் தாண்டி நடந்த அந்நடையை ஏற்கலாம்.

முடிவாக எம் மதிப்பீடு இது. தமிழ்வழிப் பொருளியற் பாடநூல்கள் மொழியில் வென்றன, நிலத்தில் காலூன்றவில்லை. நம் சமுதாயம் மரபைப் போற்றிற்று. அதனைக் கணக்கில் வைத்துப் பார்க்கவில்லை. இவ்விரு குறைகளையும் நீக்கவல்லவர், அரசுக் கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளே. நிலக்கோட்டைப் பெற்றோர் தம் மகளைப் பொருளியல் வகுப்பில் சேர்க்கட்டும். அவள் விடுமுறையில் ஓர் ஏட்டை எடுத்துக்கொண்டு, தன் தெருவின் முப்பது வீடுகளில் வருவாய் எவ்வளவு, கடன் எவ்வளவு, எவரிடம், என்ன விகிதத்தில், பூ எந்தக் கடைக்குப் போகிறது, ஏன் அந்தக் கடைக்கு என்று கேட்டு எழுதட்டும். பெயர்களை மறைத்து எண்களை வெளியிடட்டும். அந்த ஏட்டைத் தமிழில் எழுதி ஜமாஅத்தாரின் முன் வைக்கும் நாளில், ஜகாத் நிதியை எவ்வீட்டுக்கு முதலில் அனுப்புவது என்ற வினாவுக்கு ஊகமின்றி விடை கிடைக்கும்.